நாமே கட்டலாம் ஒரு குட்டிக் கம்ப்யூட்டர்!

குழந்தைகளே! சாவி கொடுத்தால் ஓடும் பொம்மைக் காரைப் பிரித்துப் பார்த்திருப்பீர்கள். சைக்கிள் செயின் கழன்றால் கையில் கரி அப்பிக்கொண்டு நீங்களே மாட்டியிருப்பீர்கள். ஆனால், ஒரு கம்ப்யூட்டரை நீங்களே செய்யமுடியுமா?

"அதெல்லாம் பெரிய பெரிய தொழிற்சாலையில் செய்வது. நம்மால் எப்படி முடியும்?" என்றுதானே கேட்கிறீர்கள்? முடியும்! உலகின் பல நாடுகளில் மாணவர்களும் பெரியவர்களும் தங்கள் வீட்டு மேஜையிலேயே கம்ப்யூட்டர் கட்டுகிறார்கள். கடையில் பாகங்களை வாங்கி நாலு திருகு முடுக்குவதைச் சொல்லவில்லை. எந்தக் கம்பி எங்கே போகவேண்டும் என்று தாங்களே யோசித்து, தாளில் வரைந்து, ஒவ்வொரு கம்பியாகச் செருகிக் கட்டுவதைச் சொல்கிறேன்.

இந்தக் கம்ப்யூட்டரில் சினிமா பார்க்க முடியாது. 1970, 80-களில் இருந்த கம்ப்யூட்டர்களைப் போல, சில எழுத்துகளைக் காட்டும், கணக்குப் போடும், சிறு விளையாட்டுகள் ஆடும். அவ்வளவுதான். பிறகு எதற்கு இத்தனை சிரமம் என்கிறீர்களா? காரணம் இருக்கிறது. முதலில் ஒரு பையனின் கதையைக் கேளுங்கள்.

வீட்டு விலையில் ஒரு கம்ப்யூட்டர்

அந்தப் பையனின் பெயர் ஸ்டீவ் வாஸ்னியாக். 1950-ஆம் ஆண்டு அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் பிறந்தவர். அவருடைய அப்பா ஒரு பொறியாளர். மகன் கேட்கும் கேள்விகளுக்கெல்லாம் பொறுமையாகப் பதில் சொல்வார். எட்டாம் வகுப்புப் படிக்கும்போதே கூட்டல், கழித்தல் செய்யும் ஒரு கருவியைச் செய்துவிட்டான் அந்தப் பையன்.

அவனுக்குச் சொந்தமாக ஒரு கம்ப்யூட்டர் வேண்டும் என்று ஆசை. ஆனால், அந்தக் காலத்தில் ஒரு கம்ப்யூட்டரின் விலை, ஒரு வீட்டின் விலை! அப்பா இதைச் சொன்னபோது பையன் என்ன சொன்னான் தெரியுமா? அப்படியானால் பெரியவனானதும் வீடு வாங்கமாட்டேன், அடுக்குமாடிக் குடியிருப்பிலே இருந்துகொண்டு கம்ப்யூட்டர் வாங்குவேன் என்றானாம்!

பணம் இல்லை, பாகங்கள் இல்லை. ஆனால் தாளும் பென்சிலும் இருந்தனவே! கம்ப்யூட்டர் கம்பெனிகள் வெளியிட்ட கையேடுகளைத் தேடிப் பிடித்துப் படித்தான். அந்தக் கம்ப்யூட்டரைத் தானே செய்வதென்றால் எப்படிச் செய்வது என்று தாளில் படம் போட்டான். போட்ட படத்தையே மறுபடி போட்டான். போன தடவை நூறு பாகங்கள் தேவைப்பட்ட வேலையை இந்தத் தடவை இன்னும் குறைவாக வைத்து முடிக்கமுடியுமா? இதுதான் அவன் தனக்குத்தானே வைத்துக்கொண்ட போட்டி. வாங்க முடியாத பொருளைத் தாளிலேயே பல தடவை கட்டிப் பழகிவிட்டான்.

இருபத்தைந்து டாலர் பூச்சி

1975-ஆம் ஆண்டு மார்ச் மாதம், மென்லோ பார்க் என்ற ஊரில், ஒரு வீட்டின் கார் நிறுத்தும் கொட்டகையில் சிலர் கூடினார்கள். தாங்களே கம்ப்யூட்டர் கட்டவேண்டும் என்று ஆசைப்பட்டவர்கள் அவர்கள். 'ஹோம்ப்ரூ கம்ப்யூட்டர் கிளப்' என்று அந்தச் சங்கத்துக்குப் பெயர். வாஸ்னியாக்கும் அதில் ஓர் உறுப்பினர். அப்போது அவர் ஒரு கம்பெனியில் கால்குலேட்டர் வடிவமைக்கும் பொறியாளராக இருந்தார்.

அதே ஆண்டு செப்டம்பரில், சான் பிரான்சிஸ்கோவில் நடந்த ஒரு மின்னணுக் கண்காட்சியை ஒட்டி, 'எம்.ஓ.எஸ். டெக்னாலஜி' என்ற கம்பெனி ஒரு புதிய சிப்பை விற்றது. அதன் பெயர் 6502. நாற்பது கால்கள் கொண்ட கறுப்புப் பூச்சி மாதிரி இருக்கும். கம்ப்யூட்டரின் மூளையே அதுதான். மற்ற கம்பெனிகள் இத்தகைய சிப்புக்கு நூறு டாலருக்கு மேல் விலை சொல்லிவந்த காலத்தில், சக் பெடில் என்பவர் தலைமையில் உருவான இந்தச் சிப்பின் விலை வெறும் 25 டாலர்!

வாஸ்னியாக் விடுவாரா? 6502-ஐ மூளையாக வைத்து ஒரு கம்ப்யூட்டரைக் கட்டினார். ஒரு விசைப்பலகையையும், வீட்டில் இருக்கும் சாதாரண டி.வி.யையும் அதோடு இணைத்தார். விசையை அழுத்தினால் டி.வி. திரையில் எழுத்து வந்தது! வரிக்கு 40 எழுத்து வீதம் 24 வரிகள் காட்டும். நினைவகம் 4 கிலோபைட். அதாவது, சுமார் 4,000 எழுத்துகள்தான் கொள்ளும். இந்தக் கட்டுரையையே அதற்குள் அடக்கமுடியாது!

கட்டிய கம்ப்யூட்டரின் வரைபடத்தை அவர் ஒளித்துவைக்கவில்லை. சங்கத்தில் கேட்டவர்களுக்கெல்லாம் இலவசமாகவே கொடுத்தார். நண்பர் ஸ்டீவ் ஜாப்ஸ்தான், "இதை விற்கலாமே" என்று யோசனை சொன்னார். முதலீட்டுக்காக ஜாப்ஸ் தன் வேனையும், வாஸ்னியாக் தன் கால்குலேட்டரையும் விற்றார்கள். 1976-இல் வெளிவந்த அந்தக் கம்ப்யூட்டர்தான் 'ஆப்பிள்-1'. விலை 666.66 டாலர். மொத்தம் சுமார் 200-தான் செய்தார்கள். பெட்டிகூடக் கிடையாது, வாங்கியவர்களே மரப்பெட்டி செய்து வைத்துக்கொண்டார்கள்!

6502-இன் குடும்பம் பிறகு பெருகியது. 1977-இல் ஆப்பிள்-2, 1981-இல் இங்கிலாந்தின் பி.பி.சி. மைக்ரோ ஆகியவற்றின் மூளையும் இதே சிப்தான். நம் நாட்டில் 1984-இல் பள்ளிகளுக்காகத் தொடங்கிய 'கிளாஸ்' என்ற கம்ப்யூட்டர் கல்வித் திட்டத்தில் மாணவர்கள் தொட்டுப் பழகியது இந்த பி.பி.சி. மைக்ரோவைத்தான். உங்கள் அப்பா, அம்மாவில் யாராவது அதில் படித்திருக்கலாம், கேட்டுப் பாருங்களேன்!

உள்ளே யார், யார்?

சரி, இப்போது ஒரு குட்டிக் கம்ப்யூட்டருக்குள் போவோம். அங்கே முக்கியமானவர்கள் ஐந்து பேர்.

முதலாமவர் மூளை. ப்ராசசர் என்பார்கள். நம் கதைக்கு 6502.

இரண்டாமவர் கடிகாரம். இது மணி காட்டும் கடிகாரம் அல்ல. 'டிக், டிக்' என்று மின்துடிப்பு கொடுத்துக்கொண்டே இருக்கும். உடற்பயிற்சி வகுப்பில் ஆசிரியர் 'ஒன்... டூ...' சொல்லச் சொல்ல எல்லோரும் கை தூக்குவீர்களே, அதைப் போல இந்தத் துடிப்புக்கு ஏற்பத்தான் மூளை ஒவ்வோர் அடியாக எடுத்து வைக்கும். ஆப்பிள்-1-இல் விநாடிக்குச் சுமார் பத்து லட்சம் துடிப்புகள்!

மூன்றாமவர் ராம். மூளையின் கரும்பலகை. எழுதலாம், அழிக்கலாம். மின்சாரம் போனால் எல்லாம் போச்சு.

நான்காமவர் ரோம். இது அச்சடித்த பாடப்புத்தகம். மின்சாரம் போனாலும் எழுத்து அழியாது. கம்ப்யூட்டர் செய்யவேண்டிய வேலைகளின் பட்டியல் இதில்தான் இருக்கும்.

ஐந்தாமவர் வாயிற்காப்போன். வெளியே இருக்கும் விசைகள், விளக்குகள், திரை ஆகியவற்றோடு பேசுவது இவர் வேலை.

பதினாறு கம்பி, 65,536 கதவு!

மூளை மற்றவர்களோடு எப்படிப் பேசும்? கம்பிகள் வழியாகத்தான். 6502-இன் நாற்பது கால்களில் 16 கால்கள் 'முகவரிக் கம்பிகள்'. 8 கால்கள் 'செய்திக் கம்பிகள்'.

ஒவ்வொரு கம்பியிலும் இரண்டே நிலைதான். மின்னழுத்தம் இருந்தால் 1, இல்லாவிட்டால் 0. ஒரு கம்பியால் 2 முகவரி சொல்லலாம். இரண்டு கம்பியால் 4. மூன்று கம்பியால் 8. இப்படியே இரட்டித்துக்கொண்டு போனால் பதினாறு கம்பியால்? நோட்டில் போட்டுப் பாருங்கள், 65,536 வரும்! தபால்காரரைப் போல மூளை, "65,536 கதவுகளில் இந்த எண்ணுள்ள கதவைத் திற" என்று முகவரி சொல்லும். அந்தக் கதவுக்குள் இருக்கும் எண், எட்டுச் செய்திக் கம்பிகள் வழியாக வந்து சேரும். அது படிக்கவா, எழுதவா என்று சொல்ல இன்னொரு கம்பி உண்டு.

இங்கேதான் கட்டுபவரின் மூளைக்கு வேலை! ராம், ரோம் இருவரும் ஒரே கம்பிகளில்தான் தொங்குகிறார்கள். ஒரே நேரத்தில் இருவரும் பதில் சொன்னால் குழப்பம் வந்துவிடும். என்ன செய்வது?

ஓர் எளிய வழி உண்டு. பதினாறு முகவரிக் கம்பிகளில் மிக உயர்ந்த மதிப்புள்ள கம்பியைப் பாருங்கள். அதில் 1 இருந்தால் முகவரி 32,768 அல்லது அதற்கு மேல். 0 இருந்தால் அதற்குக் கீழ். ஊரை மேலத் தெரு, கீழத் தெரு என்று பிரித்த மாதிரி! மேலத் தெரு முழுவதும் ரோமுக்கு. கீழத் தெருவை ராமும் வாயிற்காப்போனும் பங்கு போட்டுக்கொள்ளட்டும். இந்தப் பங்கீட்டைச் செய்ய, சில ரூபாய்க்குக் கிடைக்கும் ஒரு சிறிய 'நாண்டு கேட்' சிப் போதும். இப்படிக் குறைந்த பாகங்களில் வேலையை முடிப்பதைத்தான் வாஸ்னியாக் சிறுவயதில் தாளில் பழகினார்.

முதல் பாடம்: சும்மா இரு!

கட்டத் தொடங்குபவர்கள் எடுத்த எடுப்பில் எல்லாவற்றையும் இணைக்கமாட்டார்கள். அமெரிக்காவைச் சேர்ந்த பென் ஈட்டர் என்பவர் 2019-இல் தொடங்கி, 6502 கம்ப்யூட்டர் கட்டுவதை வீடியோ பாடங்களாகச் சொல்லித் தந்தார். அவர் காட்டும் முதல் சோதனை மிக அழகானது.

துளைகள் நிறைந்த வெள்ளைப் பலகை ஒன்று உண்டு. பிரெட்போர்டு என்பார்கள். அதில் சிப்பையும் கம்பியையும் செருகினாலே போதும், பற்றவைக்க வேண்டாம். அதில் 6502-ஐ மட்டும் செருகவேண்டும். ராமும் இல்லை, ரோமும் இல்லை! எட்டுச் செய்திக் கம்பிகளையும் ரெசிஸ்டர்கள் மூலம் 11101010 என்ற வரிசையில் நிரந்தரமாகக் கட்டிவிடவேண்டும். 6502-இன் மொழியில் இதற்கு என்ன பொருள் தெரியுமா? 'சும்மா இரு. அடுத்த கட்டளைக்குப் போ.'

இப்போது மூளை எந்தக் கதவைத் தட்டினாலும் 'சும்மா இரு' என்றே பதில் வரும். அது அடுத்த கதவுக்குப் போகும். அங்கேயும் 'சும்மா இரு'. அதற்கடுத்த கதவு... முகவரிக் கம்பிகளில் சிறு எல்.இ.டி. விளக்குகளை மாட்டினால், அவை மாறி மாறி எரிந்து ஒன்று, ஒன்றாக எண்ணிக்கொண்டே போகும். கடிகாரத்தை மெதுவாக ஓடவிட்டால் கண்ணாலேயே பார்க்கலாம். கம்ப்யூட்டரின் மூளை அடியெடுத்து வைப்பதை நேருக்கு நேர் பார்ப்பது என்றால் சும்மாவா!

எண்ணிக்கை எங்கிருந்து தொடங்கும்? 6502 கண் விழித்ததும் 65,532, 65,533 ஆகிய இரண்டு கதவுகளைத்தான் முதலில் திறக்கும். "எங்கிருந்து வேலையைத் தொடங்கவேண்டும்?" என்ற முகவரி அங்கே இருக்கும். நம் சோதனையில் இரண்டிலும் 11101010, அதாவது 234. இரண்டையும் சேர்த்துப் படித்தால் 234 × 256 + 234 = 60,138. ஆகவே, எண்ணிக்கை 60,138-இல் தொடங்கும். விளக்குகளைப் பார்த்துச் சரிபார்த்துக்கொள்ளலாம். கணக்குப் பாடம் எதற்கு என்று கேட்பவர்கள் இதைப் படியுங்கள்!

எழுத்து வரும் நேரம்

சோதனை வெற்றியா? இனி ரோம் சிப்பைச் செருகலாம். அதில் முதலில் கட்டளைகளைப் பதிக்கவேண்டும். இன்று இதற்கு வேறொரு கம்ப்யூட்டரும், சிப்பில் எழுதும் கருவியும் உதவுகின்றன. வாஸ்னியாக்குக்கு அந்த வசதி இல்லை. கட்டளைகளைத் தாளில் எழுதி, ஒவ்வொன்றையும் கையாலேயே எண்ணாக மாற்றினார். 'பேசிக்' என்ற கணினி மொழியையும் அவர் அப்படித்தான் எழுதினார். ஆப்பிள்-1-இன் ரோமில் இருந்த தொடக்க நிரல் எவ்வளவு பெரிது தெரியுமா? வெறும் 256 பைட்!

அடுத்து ராம். அடுத்து வாயிற்காப்போன். கடைசியாக, வரிக்கு 16 எழுத்து வீதம் இரண்டு வரி காட்டும் சின்னஞ்சிறு திரை. திரைக்கு எழுத்தை அப்படியே அனுப்ப முடியாது, எண்ணாகத்தான் அனுப்பவேண்டும். ஆங்கிலத்தின் 'எச்' எழுத்துக்கு 72. அதாவது 01001000. இப்படி ஒவ்வொரு எண்ணாக அனுப்பினால் திரையில் 'ஹலோ' என்று வணக்கம் சொல்லும். அந்த ஒரு சொல்லுக்குப் பின்னால் எத்தனை கம்பி, எத்தனை கணக்கு! கட்டியவருக்கு மட்டும்தான் அது தெரியும்.

வேலை செய்யாவிட்டால்?

பெரும்பாலும் முதல் தடவை வேலை செய்யாது! இதுதான் உண்மை. அப்போது என்ன செய்வது? எல்லாவற்றையும் பிடுங்கிப் போடுவதா? கூடவே கூடாது.

முதலில் மின்சாரம் சரியாக வருகிறதா என்று பார்க்கவேண்டும். அடுத்து, கடிகாரம் துடிக்கிறதா? அடுத்து, ஒவ்வொரு கம்பியும் சரியான துளையில் இருக்கிறதா? ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, என்ன ஆயிற்று என்று நோட்டில் குறிக்கவேண்டும். இரண்டை ஒன்றாக மாற்றினால் எதனால் சரியானது என்றே தெரியாமல் போய்விடும்.

வேடிக்கையான கோளாறு ஒன்றும் உண்டு. சில கால்களை 'நமக்குத் தேவையில்லை' என்று அந்தரத்தில் விட்டுவிடுவார்கள். மின்னழுத்தம் உண்டா, இல்லையா என்று அந்தக் காலுக்கே தெரியாது! கையை அருகில் கொண்டுபோனாலே கம்ப்யூட்டர் தாறுமாறாக ஆடும். பேய் பிடித்ததோ என்று தோன்றும். பேயும் இல்லை, பிசாசும் இல்லை. அந்தக் காலை ஒரு ரெசிஸ்டர் வழியாக 5 வோல்ட்டோடு கட்டிவிட்டால் அடங்கிவிடும். காரணம் தெரிந்தால் பயம் போய்விடும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் உண்டா?

இன்றும் உயிரோடு!

6502 பிறந்து ஐம்பது ஆண்டுகள் ஆகிவிட்டன. ஆனாலும் அதன் மேம்பட்ட வடிவம் இன்றும் புதிதாகவே கிடைக்கிறது. முதல் 6502-ஐ வடிவமைத்தவர்களில் ஒருவரான பில் மென்ஷ் தொடங்கிய கம்பெனி அதை விற்கிறது. பழைய 6502-இன் கடிகாரத்தை மிக மெதுவாக ஓட்டினால் அது நினைத்ததை மறந்துவிடும். புதியதோ, கடிகாரத்தை நிறுத்தினாலும் மறக்காது. கற்பவர்களுக்கு அது பெரிய வசதி.

அதன் போட்டியாளர் 'இசட்-80'. 1976-இல் வந்த அந்தச் சிப்பின் பழைய வடிவத்தைத் தயாரிப்பதை நிறுத்தப்போவதாக 2024-இல் கம்பெனி அறிவித்தது. நாற்பத்தெட்டு ஆண்டுகள் உழைத்த சிப் அது! வீட்டில் கம்ப்யூட்டர் கட்டுபவர்கள் பலருக்கும் அன்று வருத்தம்தான்.

சிலர் இன்னும் ஒரு படி மேலே போய், மூளைச் சிப்பே இல்லாமல் கட்டுகிறார்கள்! நெதர்லாந்து நாட்டின் மார்செல் வான் கெர்விங்க், வால்டர் பெல்கர்ஸ் ஆகிய இருவரும் உருவாக்கிய 'ஜிகாட்ரான்' அப்படிப்பட்டது. சின்னச் சின்ன, சாதாரணச் சிப்புகளைக் கொண்டே மூளையையும் செய்துவிட்டார்கள். அதில் வண்ணத் திரையில் விளையாடலாம்.

ஏன் கட்டவேண்டும்?

6502-க்குள் இருக்கும் டிரான்சிஸ்டர்கள் சில ஆயிரம்தான். 2023-இல் வந்த ஒரு செல்ஃபோன் சிப்பில் 1,900 கோடி! அந்த 1,900 கோடியை யாராலும் ஒவ்வொன்றாகத் தெரிந்துவைத்திருக்க முடியாது. ஆனால், குட்டிக் கம்ப்யூட்டரின் ஒவ்வொரு கம்பியையும் ஒரு பள்ளி மாணவரால் தெரிந்துகொள்ள முடியும். அடிப்படை வேலை இரண்டிலும் ஒன்றுதான்: முகவரி சொல், எண்ணை எடு, கட்டளையைச் செய், அடுத்ததற்குப் போ.

ஒரு பொருளைப் பயன்படுத்தத் தெரிவது வேறு; அது எப்படி வேலை செய்கிறது என்று தெரிவது வேறு. முதலாவது தெரிந்தவர் அந்தப் பொருள் கெட்டுப்போனால் கைகட்டி நிற்பார். இரண்டாவது தெரிந்தவர் அதைச் சரிசெய்வார். ஒருநாள் புதிதாக ஒன்றையும் செய்வார்.

இன்றே தொடங்குங்கள்!

பாகங்கள் வாங்கும் வரை காத்திருக்க வேண்டாம். நான்கு நண்பர்களை வரிசையாக நிறுத்துங்கள். கை தூக்கினால் 1, இறக்கினால் 0. ஒருவர் கை தட்டட்டும். அதுதான் கடிகாரம். ஒவ்வொரு தட்டுக்கும் வலது கோடியில் இருப்பவர் கையை மாற்றவேண்டும். மற்றவர்கள், தங்களுக்கு வலப்பக்கம் இருப்பவர் கையை இறக்கும்போது மட்டும் தங்கள் கையை மாற்றவேண்டும். வலமிருந்து இடமாக அவர்களின் மதிப்பு 1, 2, 4, 8. தூக்கிய கைகளின் மதிப்பைக் கூட்டுங்கள். 1, 2, 3 என்று ஏறி 15 வரும். பதினாறாவது தட்டில் எல்லாக் கைகளும் இறங்கிவிடும்!

பதினாறு பேர் நின்றால் 65,535 வரை எண்ணலாம். விநாடிக்கு ஒரு தட்டு என்றால், எல்லாக் கைகளும் மறுபடி இறங்க 18 மணி நேரத்துக்கு மேல் ஆகும். சாப்பாட்டு மூட்டையோடு வாருங்கள்!

விளையாட்டு பிடித்துவிட்டதா? அடுத்து ஒரு பிரெட்போர்டு, சில எல்.இ.டி. விளக்குகள், ரெசிஸ்டர்கள், ஐந்து வோல்ட் மின்சாரம். இவற்றோடு தொடங்குங்கள். இரண்டு எச்சரிக்கைகள்: சுவரில் இருக்கும் பிளக்கில் கம்பியைச் செருகவே கூடாது, சூடான சால்டரிங் கருவியைப் பெரியவர் துணையில்லாமல் தொடவும் கூடாது. உங்கள் அறிவியல் ஆசிரியரைக் கேளுங்கள்; மகிழ்ச்சியோடு உதவுவார்.

தாளும் பென்சிலும்தான் வாஸ்னியாக்கின் முதல் கம்ப்யூட்டர். அவை உங்கள் பையிலும் இருக்கின்றன அல்லவா?